ஏழு பிரெஞ்சுச் சிறை நாவல்களோடு 161 கிலோமீற்றர்

இந்தப் பக்கத்தில் வழமையாக நான் எழுதுவது கடற்கரை, காடு, பிள்ளைகளோடு போய்வரக்கூடிய இடங்கள். இந்தமுறை எழுதப்போகும் இடத்துக்கு யாரும் ஆசைப்பட்டுப் போவதில்லை. போன ஒக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை என் தம்பியைச் சிறையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன். கோல்டிங்கில் அவன் வீட்டு வாசலிலிருந்து சிறை வாசல்வரை 161 கிலோமீற்றர். ஓடியது என்னுடைய பழைய சின்னக் கார்.

ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போவதற்கு முன் நான் இணையத்தில் தேடோ தேடென்று தேடினேன். யாழ்ப்பாணத்துக்கு எந்த விமானத்தில் போனால் மலிவு என்று எழுதினவர்கள் நூறு பேர். தன் வீட்டு மனிதரைத் தன் காரில் ஏற்றிச் சிறைக்குக் கொண்டுபோனது எப்படி என்று தமிழில் ஒருவரும் எழுதவில்லை. நம்மில் ஒருவரும் போகவில்லை என்று அர்த்தமில்லை, எல்லாரும் அந்த நாட்களில் 'நோர்வேயில் வேலை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். தம்பியும் ஊருக்கு நோர்வேயில்தான் இருக்கிறான். எழுதச் சொன்னது அவன்தான். தன் பெயரும் சிறையின் பெயரும் வரக்கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை.

தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டென்மார்க்கில் சில குற்றங்களுக்குத் தீர்ப்புச் சொன்ன உடனேயே கையைப் பிடித்து இழுத்துப் போகமாட்டார்கள். வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். சில மாதம் கழித்து டிஜிட்டல் போஸ்ட்டில், அரசாங்கக் கடிதங்கள் வரும் இணையத் தபால்பெட்டியில், ஒரு கடிதம் வரும். இன்ன திகதி, காலை பத்து மணிக்கு முதல், இன்ன சிறைக்கு நீங்களாகவே வந்து சேருங்கள் என்று இருக்கும். பல் வைத்தியர் வரச்சொல்லி அனுப்பும் கடிதம் மாதிரித்தான். எத்தனை சோடி உடுப்புக் கொண்டுவரலாம் என்றுகூட அதில் எழுதியிருக்கும்.

தம்பிக்கு எட்டு மாதம். குடித்துவிட்டுக் கார் ஓட்டினான். சைக்கிளில் வந்த ஒரு டெனிஷ் பெண்ணை இடித்தான். அவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. இதை மூடி மெழுகி எழுத நான் ஆளில்லை. என் தம்பி என்பதற்காக அவனுக்கு வக்காலத்து வாங்கப் போவதுமில்லை.

ஆனால் செய்தது பிழை, தண்டனை சரி என்று ஒத்துக்கொண்ட அதே மனிதனுக்கு உள்ளே போகத் தைரியம் வரவில்லை. முதல் கடிதம் ஓகஸ்ட்டில் வந்தது. அதில் சொன்ன நாள் காலையில் ரெயில் ஏறினவன் ஹேர்னிங்கில் இறங்கி அடுத்த ரெயிலில் திரும்பி வந்துவிட்டான். எங்களிடம் "பிற்போட்டிட்டினம்" என்று சொன்னான். இரண்டாவது கடிதம் வந்தபோதுதான் எனக்கு விசயம் தெரியவந்தது. அதில் தெளிவாக இருந்தது: இந்த முறையும் வராவிட்டால் பொலிஸ் வந்து கூட்டிப்போகும், திறந்த சிறைக்குப் பதிலாக மூடிய சிறையில் இருக்கவேண்டி வரலாம். பொலிஸ் எங்கே வரும்? வீட்டுக்கு வரும், பதினாறு வயது மகளுக்கு முன்னால். இல்லையென்றால் வேலை செய்யும் தொழிற்சாலைக்கு வரும்.

நான் அன்றைக்கே முடிவெடுத்தேன். அவன் தன் காலால் நடந்து உள்ளே போகவேண்டும். பத்து மணிக்கு முதல். தேவையென்றால் நானே காதைப் பிடித்து இழுத்துப் போவேன். நான் முதியோர் பராமரிப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்தவள், எண்பது கிலோ மனிதரைக் கட்டிலிலிருந்து எழுப்புவது எனக்குப் பெரிய காரியமில்லை.

பிராண்டேயில் என் வீட்டிலிருந்து 5.40க்கு வெளிக்கிட்டேன். கோல்டிங் 58 கிலோமீற்றர், 6.30க்குப் போய்ச் சேர்ந்தேன். மச்சாள், அவன் மனைவி, கதவைத் திறந்து தேநீர் தந்தா. தம்பி கோட்டுப் போட்டுச் சப்பாத்துக் கட்டிக்கொண்டு கதிரை நுனியில் இருந்தான். மகள் படியில் நின்று டெனிஷில் "அப்பா, ஃபோன் எடுக்க விட்டால் எடு" என்றாள். அவன் தமிழில் "ஓம் அம்மா" என்றான். 6.55க்குக் கார் புறப்பட்டது.

பின் சீற்றில் நான் கட்டிய பை. அதைப் பற்றிச் சொல்லுமுன் என் பைத்தியத்தைப் பற்றிச் சொல்லவேண்டும்.

டென்மார்க்குக்கு வருமுன் நான்கு வருடம் பாரிஸுக்கு வெளியே இருந்தேன். விடிய ஒரு பஸ்ஸில் ஹோட்டல் துப்புரவு வேலைக்குப் போவேன். கிழமையில் சில நாட்களில் அந்த பஸ் முழுக்கப் பெண்கள். எல்லார் மடியிலும் பெரிய பிளாஸ்டிக் பை. எல்லாரும் உடுப்புத் தோய்க்கும் கடைக்குப் போகிறார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்தில் இருந்தவள் சொன்னாள்: கடைசித் தரிப்பில் சிறை இருக்கிறது, புருசனுக்குத் தோய்த்த உடுப்புக் கொண்டுபோகிறேன், அழுக்கு உடுப்பைத் திருப்பிக் கொண்டுவருவேன். அவள் இறங்கும்போது பையைப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு இறங்கினாள். எனக்கு அது மறக்கவே இல்லை.

பிறகு பிரெஞ்சு வாசிக்கப் பழகியபோது நான் தேடி எடுத்த முதல் நாவல் சிறையைப் பற்றியது. இன்றுவரை ஏழு வாசித்துவிட்டேன். எல்லாம் இந்தக் காலத்து எழுத்து. எங்கள் ஊர் நூலகப் பெண் வெளியூரிலிருந்து எனக்காகத் தருவித்துத் தருவா, "இன்னும் ஒரு சிறையா?" என்று சிரிப்பா. பழைய சிறைக் கதைகளில் வீரர்கள் இருப்பார்கள், சுரங்கம் தோண்டுவார்கள், மதில் ஏறிக் குதிப்பார்கள். இந்தப் புது நாவல்களில் ஒருவனும் தப்பிப் போவதில்லை. இரண்டு பேருக்கான ஒன்பது சதுர மீற்றர் அறையில் மூன்று பேர் இருப்பார்கள், மூன்றாவது ஆள் நிலத்தில் மெத்தை போட்டுப் படுப்பான். நாள் முழுக்க டீவி ஓடும். திறப்புச் சத்தம், கதவுச் சத்தம், வாளிச் சத்தம். கோப்பி வாங்க ஒரு துண்டில் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள். எழுதியவர்களில் சிலர் உள்ளே இருந்தவர்கள், சிலர் அங்கே எழுத்து வகுப்பு எடுக்கப் போனவர்கள், ஒருத்தி வெளியே காத்திருந்த மனைவி. எனக்குப் பிடித்தது அவளுடைய நாவல்தான், அந்த பஸ் அதில் அப்படியே இருக்கிறது.

இப்போது பைக்கு வருகிறேன். கடிதத்தில் எழுதியிருந்த உடுப்புகளை மச்சாள் ஒரு பையில் வைத்திருந்தா. என் பை என் நாவல்களின்படி கட்டியது. பதினைந்து மீற்றர் நைலோன் கயிறு. ஏனென்றால் நாவல்களில் இரவானதும் ஒரு சன்னலிலிருந்து இன்னொரு சன்னலுக்குக் கயிற்றில் கட்டி ஆட்டி ஆட்டித்தான் கோப்பியும் சீனியும் புகையிலையும் போகும். ஒரு சின்னக் கண்ணாடி, கம்பிக்கு வெளியே கையை நீட்டி யார் வருகிறார்கள் என்று பார்க்க. தண்ணீர் கொதிக்க வைக்கும் ஹீட்டர் கம்பி. பன்னிரண்டு நூடில்ஸ் பைக்கற். நான்கு சவர்க்காரம். என்னைப் பார்த்துச் சிரிக்கலாம், பரவாயில்லை. ஒரு மனிதன் தெரியாத நாட்டுக்குப் போவதென்றால் அந்த நாட்டைப் பற்றி வாசித்துவிட்டுப் பை கட்டுவோமா இல்லையா? நான் வாசித்த நாடுதான் வேறு.

வைலே 29 கிலோமீற்றர். பாலத்தில் பனிமூட்டம், ஐம்பதில்தான் ஓட்டினேன். அங்கிருந்து 18ஆம் நெடுஞ்சாலை. இந்தப் பாதையை நான் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன். தம்பி சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தான். பிராண்டேக்கு இறங்கும் வழியைக் காட்டும் பலகை தெரிந்ததும்தான் வாயைத் திறந்தான்.

"அக்கா, இதால இறங்குங்கோ."

"ஏன்? அவசரமாப் போகவேணுமே?"

"இல்லை. உங்கட வீட்டை போவம். எனக்கு ஏலாது."

"விசர்க் கதை கதையாத. பத்து மணிக்கு அங்க நிக்கவேணும்."

"நாளைக்குப் போறன். சத்தியமா நாளைக்கு. இறங்குங்கோ அக்கா."

நேரம் 7.42. பலகை பின்னால் போய்விட்டது. அவன் கையைக் கதவுப் பிடியில் வைத்தான். நூற்றுப்பத்தில் ஓடும் காரில்! "கையை எடடா!" என்று கத்தினேன். அடுத்து வந்த ஓய்விடத்தில் காரைத் திருப்பி நிறுத்தி, திறப்பை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இரண்டு லொறி, ஒரு மேசை, ஒரு கழிப்பறை, அவ்வளவுதான் அங்கே. கழிப்பறை சுத்தமாக இருந்தது, இந்தப் பாதையில் போகிறவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்.

வெளியே இறங்கி மேசையில் இருந்தோம். மச்சாள் தந்த பாணையும் முட்டையையும் பிரித்து வைத்தேன். அவன் தொடவில்லை. நான் ஏசத் தொடங்கினேன். குடிக்கும்போது இருந்த தைரியம் இப்போது எங்கே போனது, அந்த மனிசி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நீ எங்கே கிடந்தாய் என்று வாயில் வந்ததெல்லாம் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே இருந்தான். கடைசியில் மெதுவாகச் சொன்னான்.

"நீங்கள்தானே அக்கா சொன்னனீங்கள்."

"நான் என்னத்தைச் சொன்னனான்?"

"உங்கட புத்தகக் கதையள். தைப்பொங்கலுக்கு எங்கட வீட்டில, எல்லாருக்கும் முன்னால. மூண்டாவது ஆள் நிலத்தில படுக்கிறது, தலைமாட்டில கக்கூசு. முதல் நாள் போறவன்ரை சப்பாத்தைப் பறிக்கிறது. ஒருதன் சுவரில தலையை இடிச்சுக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு புத்தகம் சொல்லுவீங்கள். நான் சிரிச்சுக்கொண்டுதான் கேட்டனான். இப்ப படுத்தால் அதுதான் வருது. ஹேர்னிங்கில இறங்கேக்கையும் அதுதான் வந்தது."

உண்மைதான். விருந்து மேசையில் நாலு பேர் வாய் பிளந்து கேட்கும்போது எனக்கு ஒரு தலைக்கனம் வரும். நான் பிரெஞ்சு வாசிக்கிறவள், உங்களுக்குத் தெரியாத உலகம் எனக்குத் தெரியும் என்கிற தலைக்கனம். அதற்காக நான் பொறுக்கி எடுத்துச் சொன்னதெல்லாம் இரத்தமும் இருட்டும். என் தம்பி ஓகஸ்ட்டில் திரும்பி வந்ததற்கு நானும் ஒரு காரணம். அதை அந்த மேசையில் வைத்துத்தான் விளங்கிக்கொண்டேன், வெட்கமாக இருந்தது.

"நான் செய்தது பிழை" என்றேன். "முழுக்கதையும் நான் சொல்லேல்லை. சுவையில்லாத இடமெண்டு நிறையக் கழிச்சுப்போட்டன்."

காரில் அந்த மனைவி எழுதிய நாவல் இருந்தது. அவனிடம் கொடுத்துவிடலாம் என்று கொண்டுவந்திருந்தேன், பிரெஞ்சு தெரியாதவனுக்குப் பிரெஞ்சுப் புத்தகம், என் புத்தி அப்படி. எடுத்துவந்து, நான் பொங்கலுக்குக் கழித்துவிட்ட பக்கங்களைத் தேடி அந்த இடத்திலேயே தமிழில் சொல்லத் தொடங்கினேன். புதிதாக வந்தவனுக்குக் கிழவன் ஒருவன் அலுமாரியில் பாதித் தட்டை வெறுமையாக்கிக் கொடுக்கிறான். மூன்று பேரும் யோகட்டையும் பிஸ்கட்டையும் வைத்து அடுப்பில்லாமல் கேக் செய்கிறார்கள், ஒருவனுடைய மகளுக்குப் பிறந்தநாள், மகள் அங்கே இல்லை. தலையைச் சுவரில் இடித்தவனுக்குப் பக்கத்து அறைக்காரன் சுவரில் தட்டித் தட்டிப் பதில் சொல்கிறான், மூன்றாம் கிழமை இடிப்பது நிற்கிறது. இதெல்லாம் அதே புத்தகத்தில்தான் இருந்தது. பாதிக்கு மேல் இப்படித்தான் இருந்தது, வேலையில்லாமல் காத்திருக்கிற மனிதர்களின் சின்னச் சின்னக் காரியங்கள்.

பக்கத்து லொறிச் சாரதி தன் கோப்பியோடு வந்து கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். குளிரில் மேசையில் இருந்து ஒருத்தி உரக்கப் புத்தகம் படிக்கிறாள் என்றால் யாரும் பார்ப்பார்கள்தான். "குட் பொக்?" என்று கேட்டார், நல்ல புத்தகமா என்று. ஓம் என்று தலையாட்டினேன்.

தம்பி பாணில் ஒரு கடி கடித்தான். பிறகு கேட்டான்.

"அக்கா, அவங்கள் முதல் நாள் எப்பிடி உள்ளுக்குப் போறாங்கள்?"

யோசித்தேன். ஏழு நாவலையும் மனதில் ஓட்டிப் பார்த்தேன். "பொலிஸ் வானில. கையில விலங்கு. எல்லாத்திலயும் அப்பிடித்தான்."

"ஒருதரும் தன்ரை காலால போறேல்லையோ?"

"ஒருதரும் இல்லை. கதவு பூட்டின பிறகுதான் எல்லாரும் கதையைத் தொடங்குவினம்."

"அக்கா கொண்டுபோய் விடுறது?"

"அதுவும் இல்லை."

கொஞ்ச நேரம் புத்தகத்தின் அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப நீங்கள் எழுதுங்கோ. உங்கட பயணக் கட்டுரையில எழுதுங்கோ. ஆரும் அடுத்ததாப் போறவன் வாசிக்கட்டும். எனக்கு வாசிக்க ஒண்டும் இருக்கேல்லை, உங்கட பயங்கரக் கதையளைத் தவிர."

"எழுதிறன். ஆனால் நீ உள்ளுக்குப் போனால்தான் எழுதலாம். போகாட்டி எழுத என்ன கிடக்கு?"

"எத்தினை மணி இப்ப?"

"எட்டு ஐம்பது."

அவன் எழும்பி, பாண் தாளைச் சுருட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, தானே போய்க் காரில் ஏறினான்.

இனி நேரம்தான் எதிரி. ஹேர்னிங் தாண்டும்போது 9.01. ரெயில் நிலையம் இருக்கும் பக்கத்தை அவன் பார்க்கவில்லை, நான் கவனித்தேன். ஹோல்ஸ்டப்ரோ 9.27. அங்கிருந்து 34 கிலோமீற்றர் சின்னப் பாதை, இரண்டு பக்கமும் புல்லும் பைன் மரமும். பாதி வழியில் சோளம் ஏற்றிய ட்ராக்டர் ஒன்று முன்னால் வந்து சேர்ந்தது. முப்பதில் போகிறது, விலகமாட்டேன் என்கிறது. நான் ஹோர்ன் அடித்தேன், டென்மார்க்குக்கு வந்த இத்தனை வருடத்தில் அது என் மூன்றாவது ஹோர்னாக இருக்கும்.

"அக்கா, விடுங்கோ, மெதுவாப் போகட்டும்" என்றான் தம்பி.

"மெதுவா? பத்து மணிக்குப் பிறகு போய் என்ன சொல்லுவாய், ட்ராக்டர் மறிச்சது எண்டோ?"

"ஓம், அதைத்தான் சொல்லுறது!" என்றான். குரலில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. பண்ணைச் சந்தியில் ட்ராக்டர் திரும்பியதும் நான் அக்ஸிலரேற்றரை அமத்தின அமத்தில் 9.54க்கு வந்து சேர்ந்தோம்.

வந்து சேர்ந்தோம் என்று சொல்கிறேன், ஆனால் சேர்ந்துவிட்டோமா என்று எனக்கே தெரியவில்லை. மதிலைத் தேடினேன், மதில் இல்லை. கோபுரம் இல்லை, முள்ளுக்கம்பி இல்லை. செங்கல் கட்டடங்கள், புல்வெளி, பழைய விவசாயப் பள்ளிக்கூடம் மாதிரி. கார் நிறுத்துமிடத்துக்கும் உள்ளே போகும் பாதைக்கும் நடுவே ஒரு பலகை மட்டும் நின்றது. இதற்குள் சிறைப் பகுதி என்று எழுதியிருந்தது. ஒருவன் இலைவாரியோடு பூப்பாத்தியில் இலை கூட்டிக்கொண்டிருந்தான். அவன் கைதியா தோட்டக்காரனா என்று எனக்குத் தெரியவில்லை.

பதிவு அறையில் என் வயது மதிக்கத்தக்க ஒரு உத்தியோகத்தர் இருந்தா. தம்பியின் பெயரைக் கேட்டு, கணினியில் பார்த்து, "வெல்கொம்மென்" என்றா. சிறையில் நல்வரவு! ஏழு நாவலில் எங்கேயும் இந்தச் சொல் இல்லை. மணி 9.57.

மச்சாளின் பையை இரண்டு நிமிடத்தில் பார்த்து முடித்தா. பிறகு என் பையைத் திறந்தா. கயிற்றை எடுத்து மேசையில் வைத்தா. கண்ணாடி. ஹீட்டர் கம்பி. நூடில்ஸ். ஒவ்வொன்றாக வரிசையாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தா.

"இது எதற்கு?" என்று கயிற்றைத் தொட்டுக் கேட்டா.

எனக்கு டெனிஷ் எல்லாம் மறந்துபோனது. சன்னல், பக்கத்து அறை, கோப்பி, பிரான்ஸ் என்று உளறினேன். நாவல் என்றும் சொன்னேன். அவ புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னா:

"இங்கே பக்கத்து அறைக்குக் கதவால் போகலாம். சமையலறை இருக்கிறது, சாப்பாட்டை அவரவரே சமைக்கவேண்டும். உள்ளே கடை இருக்கிறது. உங்கள் தம்பிக்குச் சமைக்கத் தெரியுமா?"

அப்போது பின்னால் ஒரு சத்தம். தம்பி சிரிக்கிறான். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறான். விபத்து நடந்த நாளிலிருந்து அவன் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "அக்கா, கயிறு!" என்றான், பிறகு மறுபடி சிரித்தான். எனக்கு வந்த கோபத்துக்கு அவன் முதுகில் ஒன்று போட்டிருப்பேன், ஆனால் நானும் சிரித்துவிட்டேன். பிறகு அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

கட்டிப்பிடிக்க விட்டார்கள். அவன் உள்ளே போனான், தன் காலால். என் பை அப்படியே என் கையில் திரும்பி வந்தது. கயிறு இப்போது என் தோட்டத்திலுள்ள கண்ணாடி வீட்டில் தக்காளிக் கொடியைத் தாங்கிக்கொண்டிருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விசயம். கடிதத்தை ஒழுங்காக வாசியுங்கள், என்னைப் போல நாவலை நம்பிப் பை கட்டாதீர்கள். வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது, சந்தேகம் இருந்தால் அவர்களுக்கே ஃபோன் எடுத்துக் கேளுங்கள், மரியாதையாகப் பதில் சொல்வார்கள். பொதுப் போக்குவரத்தை நம்பவேண்டாம்: பஸ் சிறைக்கு நாலு கிலோமீற்றர் முன்னால் நின்றுவிடும், வார இறுதியில் அதுவும் இல்லை. எனக்கு அன்று மொத்தம் 317 கிலோமீற்றர் ஓடியது, பெற்றோல் 245 குரோனர் அளவில் முடிந்தது. கைவசம் ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொண்டு புறப்படுங்கள், வழியில் எங்காவது அது தேவைப்படும். முக்கியமாக, தனியாக ரெயிலில் அனுப்பாதீர்கள். பார்க்கப் போவதற்கு முன்கூட்டியே படிவம் நிரப்பி அனுமதி எடுக்கவேண்டும். எனக்கு அனுமதி வரப் பதினொரு நாள் எடுத்தது.

மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை பார்க்கப் போனேன். மச்சாளும் மகளும் முந்தின கிழமை போய்வந்துவிட்டார்கள், இது என் முறை. பிராண்டேயிலிருந்து 98 கிலோமீற்றர், ஒன்றேகால் மணித்தியாலம். மனைவி எழுதிய அந்த நாவலின் டெனிஷ் மொழிபெயர்ப்பை நூலகப் பெண் தேடி எடுத்துத் தந்திருந்தா. அதை முன்னரே தபாலில் அனுப்பியிருந்தேன். தம்பி கொஞ்சம் மெலிந்திருந்தான், கையில் வெங்காய மணம். எட்டுப் பேருக்கு ஒரு சமையலறை, ஒருத்தனுக்கும் சோறு வடிக்கத் தெரியாதாம், இவன்தான் குரு.

"புத்தகம் வாசிச்சனியோ?"

"ஓம். முழுக்க."

"எப்பிடி?"

"நல்லாத்தான் எழுதியிருக்கிறா. ஆனால் அதில அந்த மனிசி வாறா இல்லை."

"எந்த மனிசி?"

"நான் இடிச்ச மனிசி மாதிரி ஒராள். அந்தக் கதையில உள்ளுக்கு இருக்கிற புருசனாலை அடிபட்ட ஆள். அந்த ஆள் இப்ப எப்பிடி நடக்குது எண்டு புத்தகத்தில ஒருதரும் கேக்கேல்லை. நான் இஞ்ச ஒவ்வொரு நாளும் அதைத்தான் யோசிக்கிறன்."

ஏழு நாவல் வாசித்த எனக்கு அது தோன்றவே இல்லை.

"மற்றது, அவன் முழுக்க முழுக்க வெளியில போறதைத்தான் நினைக்கிறான். அவனுக்குச் சுகம் அக்கா. கதவு பூட்டிக் கிடக்கு. நினைச்சுக்கொண்டு இருந்தாப் போதும்."

மூன்று மணிக்கு நேரம் முடிந்தது. வெளியே வந்தபோது வெளிச்சம் இருந்தது, உத்தியோகத்தர் அவனை என்னோடு பலகை வரைக்கும் நடந்துவர விட்டார். பேசிக்கொண்டே நடந்தோம், தக்காளி, மகளின் சோதனை, ட்ராக்டர். பழக்கதோசத்தில் நான் தூரத்திலிருந்தே கார்த் திறப்பின் பொத்தானை அமத்தினேன். கார் விளக்கு மின்னி இரண்டு பக்கக் கதவும் கிளிக் என்றது. இருபத்திரண்டு வருடமாக ஆட்களை ஏற்றி இறக்கின கை, நான் காரடிக்குப் போனதும் அவன் பக்கத்துக் கதவை அகலத் திறந்துவிட்டது. ஏறடா என்று சொல்லாததுதான் பாக்கி.

தம்பி நின்றுவிட்டான். பலகையில் அவன் தோள் பட்டுக்கொண்டிருந்தது. அவனுக்கும் திறந்திருந்த கதவுக்கும் நடுவே பத்தடி புல்லுத்தரை. மதில் இல்லை, கம்பி இல்லை. உத்தியோகத்தர் பின்னால் நெடுந்தூரத்தில் யாரோடோ கதைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பாதையால் போனால் ஒன்றேகால் மணித்தியாலத்தில் என் வீட்டுச் சமையலறை.

அவன் அந்தக் கதவையே பார்த்தான். நானும் பார்த்தேன்.

"கதவைச் சாத்துங்கோ அக்கா" என்றான். "குளிர் உள்ளுக்குப் போகுது."

நான் சாத்தினேன். திரும்பிப் பார்த்தபோது அவன் ஏற்கெனவே உள்ளே நடந்துகொண்டிருந்தான், இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு, மாலைச் சமையலுக்கு நேரமானவனைப் போல.